அப்பாவிடம் மிஞ்சிய ஒரு பெயர்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே நான் நலம். அப்பா எழுந்து நடக்கிறார். உன் நலத்தை நீ எழுதினால்தானே எனக்குத் தெரியும். மூளையில் இரத்த அடைப்பு வந்து அவர் பேச்சு போன இந்த ஆறு வாரத்தில் நீ ஒருமுறைகூட அவரோடு போனில் பேசவில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறாய். பதில் வராத அப்பாவிடம் என்ன பேசுவதென்று உனக்குப் பயமாம், அக்கா சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மாத்திரை விழுங்குமுன் அச்சுதா என்று பெருமாளைக் கூப்பிடுவது அவருடைய நாற்பது வருடப் பழக்கம். மருந்துக்கு மேலிடத்துச் சிபாரிசும் வேண்டுமோ என்று நான் கேலி செய்ததை நீயும் கேட்டிருக்கிறாய். விலங்கியல் படித்தவள் வேறெப்படிப் பேசுவாள்? போன செவ்வாய்க்கிழமை மாத்திரையைக் கையில் கொடுத்தேன். ஓர் எழுத்தும் குழறாமல் அச்சுதா என்றார். என் பெயர் வரவில்லை, உன் பெயர் வரவில்லை, தண்ணீர் என்ற சொல்கூட வரவில்லை, அது வந்தது. தண்ணீர் டம்ளரை நீட்டவே மறந்துபோனேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணோ, "பழகின வார்த்தைம்மா, மூளையில வேற இடத்துல பத்திரமா இருந்திருக்கு. இதையே பிடிச்சுக்கிட்டு மேல ஏறலாம்" என்றாள். விஞ்ஞானம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். நழுவாதவன், தன்னைப் பற்றிக்கொண்டவரை நழுவவிடாதவன் என்று இருந்தது. எழுபது வருடச் சொற்கள் அத்தனையும் நழுவிய வாயில் அந்த ஒன்று நின்றிருக்கிறது.

இப்போது எல்லாவற்றுக்கும் அதுதான். மின்விசிறியை நிறுத்தவும் அச்சுதா, டீயில் சர்க்கரை குறைந்தாலும் அச்சுதா. பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், பக்தி முத்திப்போச்சா?" என்றார், அந்தப் பெயராலேயே அப்பா அவரைத் திட்டிய திட்டு எனக்கு நன்றாகவே புரிந்தது. நேற்று நான் மருந்துக்கடையிலிருந்து தாமதமாக வந்தேன். வாசல்வரை வந்து நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் அதையே மெதுவாகச் சொன்னார். திருமணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஞாயிறு காலை போன் செய். அழாதே, திருத்தாதே. அந்தப் பெயர் முடியும்போது குரல் ஏறினால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இறங்கினால் எப்போது வருகிறாய் என்று. இரண்டுக்கும் உண்மையான பதிலைச் சொல். எங்கிருந்தாலும் நிலைபெற்று வாழ என் ஆசி. போனை எடுக்கப்போவது நானில்லை, அவர்.

உன் அம்மா