அமாவாசையன்று ஓடியவன்

விழுப்புரம்
23-1-2026

அன்புத் தம்பி தென்னரசுக்கு,

அக்கா கலையரசி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, குழந்தை அஸ்வினி மூவரும் நன்றாக இருக்கிறோம். காணையில் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஐந்து நாளாகக் கேட்டுப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் காகிதத்தை எடுத்தேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. தபால் ஆபீசில் கவர் கேட்டால் அங்கிருக்கும் பெண், ஸ்பீடு போஸ்ட்டா ரிஜிஸ்டரா என்றாள். சாதாரணக் கவர்தான், திண்டிவனத்தில் இருக்கிற தம்பிக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ் ஏறி வந்து உன் ரூம் கதவைத் தட்டியிருப்பேன். மாமாதான், "அவனே வாயத் தொறக்கட்டும், நீ மேல உழுந்து புடுங்காத" என்று நிறுத்திவிட்டார்.

பாண்டி மாரத்தானில் என்ன நடந்தது என்று உன்னோடு ஓடிய குமரேசன் உன் மாமாவிடம் சொன்னானாம். நாலு மணி நேரம் என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆகட்டுமே. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சும்மாவா? காணைக்குப் பஸ் பிடிக்கப் பத்து நிமிடம் நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது.

தை அமாவாசைப் படையல் நல்லபடியாக முடிந்தது. அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் வைத்தோம். சனிக்கிழமை சாயந்திரம் போனில் நான் சொன்னபடி நீயும் விரதத்தைக் காப்பாற்றியிருப்பாய் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வரியாவது எழுது.

உன் அக்கா,
கலையரசி


திண்டிவனம்
28-1-2026

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேர்க்கடலை மண்டி விலாசத்துக்கு வந்ததால் எல்லார் கையையும் சுற்றிவிட்டு என்னிடம் வந்தது. கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்தார்களாம்.

எனக்கு ஒன்றும் இல்லை. முட்டி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் காலை மடக்க முடியவில்லை. மீதியை நடந்தேன். இதில் சொல்ல வேறென்ன இருக்கிறது?

போனை எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், எத்தனாவதாக வந்தாய் என்று. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனேன். முதலாளி சின்னதுரை அண்ணன், நான் நாலு மணி நேரத்தில் முடித்திருப்பேன் என்று முதல் நாளே சால்வை வாங்கி வைத்திருக்கிறார். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சால்வையைப் போர்த்தி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எடை போட வந்த விவசாயிகளும் தட்டினார்கள். நான் வாயைத் திறந்து ‘இல்லண்ணா’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போட்டோவுக்குச் சிரித்தேன். அந்தப் போட்டோதான் இன்றைக்கும் அவர் வாட்ஸ்அப் முகப்புப் படம். எடை மேஜைக்குப் போகும்போதெல்லாம் காது சுடுகிறது அக்கா.

குமரேசன் என் பயிற்சியில் பாதிகூடச் செய்யாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணம் ரோட்டில் நான் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடும்போது அவன் பைக்கில் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வருவான், பாதியில் டீ குடிக்கவும் நின்றுவிடுவான். அவன் நாலரை மணி நேரத்தில் முடித்துவிட்டான்.

கொஞ்ச நாளைக்கு நான் எங்கும் வரவில்லை. காணைக்கும் வரவில்லை. அம்மாவிடம் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
தென்னரசு


விழுப்புரம்
2-2-2026

அன்புத் தம்பிக்கு,

முட்டியில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் விடு. மாமா யூடியூபில் பார்த்துவிட்டு ஐஸ் வை என்கிறார். இரண்டில் எதையாவது செய்.

நீ வெட்கப்பட்டு ரூமில் சுருண்டு கிடக்கிறாய். காணையில் உன் பெயர் எப்படி ஓடுகிறது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பச்சத் தண்ணியோட நாப்பத்திரண்டு கிலோமீட்டரு ஓடினான் எம்புள்ள, அவங்கப்பனுக்கு விரதம் இருந்துக்கினே." எதிர்வீட்டு அம்சா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லேட்டாக வந்தாய் என்று யாராவது இழுத்தால், சாப்பிடாமல் ஓடிப் பார் என்று அம்மா அவர்கள் வாயை அடைத்துவிடுகிறாள். எத்தனாவது என்று கேட்க அந்த ஊரில் இனி ஒருத்தருக்கும் தைரியம் வராது.

அதனால் வந்து தலையைக் காட்டு. அம்மா வெளியில் சொல்லாவிட்டாலும் உன்னைத் தேடுகிறாள். எனக்கும் ஒரு ஆறுதல், நான் சொன்ன ஒரு சொல்லை நீ தட்டவில்லை என்று.

உன் அக்கா,
கலையரசி


திண்டிவனம்
6-2-2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அது முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை நீ போன் செய்தபோது நான் மறுநாளைக்குத் தேவையானதை இடுப்புப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒரு மல்லாட்டை உருண்டை, நடுவில் வாழைப்பழம். இருபது வாரமாக ஓடிக்கொண்டே தின்னப் பழகியிருந்தேன். அதுவும் பயிற்சிதான், உள்ளே ஏதாவது போய்க்கொண்டே இருந்தால்தான் கால் நகரும். அப்போதுதான் நீ, அப்பா இல்லாத பிள்ளை தை அமாவாசையில் படையல் முடியாமல் பல்லில் சோறு படக்கூடாது, தண்ணீர் மட்டும் குடி, அப்பாவே உன்னை ஓட வைப்பார் என்றாய். சரி என்றேன். இது முடியாது அக்கா என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை. விரதத்தோடு ஓடி முடித்தான் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்று நினைத்தேன். உருண்டைகளைப் பையிலிருந்து எடுத்து ரூமிலேயே வைத்துவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. பாதித் தூரம் இரண்டு மணி நேரத்துக்குள். கடிகாரத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஓடுகிறவர்களுக்காக வழிநெடுக மேஜைகளில் பழமும் உப்பும் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன். இருபத்து நாலாவது கிலோமீட்டரில் கை நடுங்க ஆரம்பித்தது. இருபத்தெட்டில் பாதை கடற்கரையோரம் திரும்பியது. அங்கே கூட்டம் கூட்டமாக ஜனங்கள் தண்ணீரில் நின்று தங்கள் அப்பாக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். என் வயசு ஆள் ஒருத்தர், ஈர வேட்டியோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டி இருபது அடியில் ஒரு மேஜை. நான் மூன்று வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு நின்றிருந்த ஒரு டெம்போ வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து தின்றேன். என்னை யாருக்குத் தெரியும் அங்கே? ஆனாலும் ஒளிந்தேன். திருடித் தின்கிற மாதிரி தின்றேன்.

தின்றும் பிரயோஜனம் இல்லை. காலம் தாண்டிவிட்டது. வயிறு புரட்டி அதில் பாதி வெளியே வந்தது. பதினாலு கிலோமீட்டரும் நடைதான். அந்த நடையில் உன்னைத் திட்டினேன் அக்கா. வாய்விட்டே திட்டினேன், இவளால்தான் கெட்டேன் என்று. அதை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அலங்கார வளைவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு மெடலை எடுத்து மாட்டினாள். குமரேசன் இரண்டாவது தட்டுப் பொங்கல் தின்றுகொண்டிருந்தான். போனை அணைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் படுத்தேன்.

ஓட்டமும் போச்சு, விரதமும் போச்சு. ஒன்றையாவது உருப்படியாகச் செய்திருந்தால் தலை நிமிர்ந்திருப்பேன். இப்போது அம்மா ரேஷன் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்கிறாய். அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பது? அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்கு வாய் வராது.

உன் தம்பி,
தென்னரசு


விழுப்புரம்
10-2-2026

தம்பிக்கு,

கடிதத்தைப் படித்து அழுதேன். ஓடுகிற பிள்ளையின் வாயைக் கட்டியவள் நான். எனக்கு என்ன தெரியும் ஓட்டத்தைப் பற்றி? தெரியாதவள் சும்மா இருந்திருக்க வேண்டும். நீ திட்டியது சரி. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே திட்டியிருக்கலாம். அந்தப் பழத்துக்காக இனி ஒரு நாள்கூட நீ வருந்தக்கூடாது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆனால் நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். படையல் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினேனே, அது பொய்.

எட்டரை மணிக்கெல்லாம் கூப்பிடுகிறேன், நான் போனில் இருக்கும்போது கற்பூரம் ஏற்றுங்கள் என்று நீ அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். நினைவிருக்கிறதா? எட்டு மணிக்கே இலை போட்டுப் பரிமாறிவிட்டோம். ஒன்பது ஆனது, பத்து ஆனது. பதினொன்றுக்கு மேல் உன் போன் அணைந்திருப்பதாகச் சொன்னது. அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை. வழக்கம்போல் காலையிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டிருக்கிறாள், வெறும் வயிற்றில். ஒன்றரை மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை உதறி, பேச்சுக் குழறியது. சர்க்கரையை வாயில் போடப் போனால் பல்லை இறுக்கிக்கொள்கிறாள், புள்ள போன் வரட்டும் என்று. நான் என்ன செய்வேன்? உள்ளே ஓடிப்போய்த் திரும்பி வந்து, தென்னரசு எனக்குப் போன் செய்தான், ஓடி முடித்துவிட்டானாம், இலையைப் படைக்கச் சொன்னான் என்று பொய் சொன்னேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயந்திரம்வரை குளுக்கோஸ் ஏறியது. ஆறு மணிக்குக் குமரேசன் உன் மாமாவிடம் பேசிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. படையலை விளக்கு வைத்த பிறகு நான் ஒருத்தியாகச் செய்தேன். சோறு காய்ந்து போயிருந்தது.

உனக்குச் சொன்னால் உடைந்து போவாய் என்று மறைத்தேன். ஆனால் நீ வாழைப்பழத்துக்காக உருகுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. லேட்டாக ஓடியதற்கும் தின்றதற்கும் வெட்கப்படத் தேவையே இல்லை. ஒரு போன் செய்யாததற்கு வெட்கப்படு. அதை அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்.

கலையரசி


திண்டிவனம்
16-2-2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் காணைக்குப் போனேன். லீவு கேட்கும்போதே சின்னதுரை அண்ணனிடம், அண்ணா ஆறு மணி நேரம் இருபது நிமிடம், எனக்குப் பின்னால் யாருமே இல்லை, அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சால்வைய மட்டும் திருப்பிக் குடுத்துராதப்பா, வூட்டம்மா எடுத்துக் குடுத்தது" என்றார். நாலு வாரமாக நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அம்மா வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழம், டெம்போ, நடந்தது, போனை அணைத்தது, நீ எழுதித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியும் என்பது. அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், என் போன் வந்ததாக நீ சொன்னது பொய் என்று அப்போதே தனக்குத் தெரியும் என்றாள்.

"ரெண்டு போனும் என் மடியிலதான கெடந்துது. அவளுக்கு எதுல வந்துது போனு? அழுதுக்கினே பொய் சொன்னா. அவளாவது தைரியமா இருக்கட்டும்னுதான் வாயத் தொறந்தேன்."

அப்படியானால் குமரேசன் பேசுகிறவரை அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. குளுக்கோஸ் ஏறுகிற கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குப் பளிச்சென்று உறைத்தது. கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"ஓடும்போதே மார அடைச்சி உழுந்துடறாங்கன்னு டிவியில காட்டறானே. உங்கப்பனுக்கு எல போட்டு வெச்சிக்கினு, பக்கத்துல உனக்கும் ஒரு எல போடணுமோன்னு உக்காந்திருந்தேன்டா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துக்கொள் அம்மா என்று சொன்னேன், அது எனக்கே போதவில்லை. அம்மா கண்ணைத் துடைக்கவும் இல்லை, என்னைத் தொடவும் இல்லை. ரேஷன் கடையில் அத்தனை பேரிடமும் என்னை உயர்த்திப் பேசியவள், வீட்டுக்குள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. வெளியில் என் மானத்தைக் காப்பாற்றினாள், உள்ளே கோபத்தை வைத்திருந்தாள். அது நியாயம்தான். எதிரில் உட்கார்ந்து நானும் கீரை ஆய்ந்தேன்.

மணி இரண்டாகிவிட்டது. சாப்பிடு என்று அம்மா சொல்லவில்லை. நான் வந்தால் வாசலிலேயே கேட்கிறவள், சொல்லவே இல்லை. எழுந்து உள்ளே போனேன். சோறும் குழம்பும் இருந்தது. இரண்டு தட்டில் சோறு போட்டு ஒன்றை அம்மா முன்னால் வைத்தேன். இத்தனை வயசில் அம்மாவுக்கு நான் சோறு போட்டது அதுதான் முதல் தடவை. அம்மா தட்டைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று நினைத்தேன். அப்புறம் தட்டை என் பக்கம் நகர்த்தி, "கொழம்ப ஊத்து" என்றாள்.

உன் தம்பி,
தென்னரசு