அக்கா கல்யாணத்துக் கூடை நிலா

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில். ஆடி போயும் ஆடிக் காற்று போகவில்லை. ஆவணி பிறந்த முதல் நாள்.

உலக மகா ஜனங்களுக்கு இதனால் அறிவிப்பது: ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் வீதியில் வசிக்கும் சேகர் ஆகிய எனது மேலுதட்டில், இடது ஓரமாக, மீசை என்று சொல்லத்தக்க ஒன்று முளைத்திருப்பது இன்று காலை அதிகாரபூர்வமாக உறுதி செய்யப்பட்டது. சாட்சி: கைக்கண்ணாடி. ஆட்சேபணை: தனம் அக்கா. "பேனா மைடா அது. மூஞ்சியக் கழுவு." பொறாமை.

இரண்டாவது செய்தி. அடுத்த வாரம் திங்கள், 25-ஆம் தேதி, அக்காவுக்குக் கல்யாணம். நடராஜன் அத்தான் (தாலி ஏறவில்லை, ஆனாலும் அத்தான்) பந்தல் பற்றிப் பேச வந்தார். காலேஜில் பௌதிகம் நடத்துகிறார், காட்டூரில் ரூம். அப்பா தோரணம், குலை தள்ளிய வாழை, சீரியல் பல்பு என்று அடுக்கினார். அத்தான் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாமா. போன மாசம் மனுஷன் நிலாவுல நடந்திருக்கான். நம்ம கல்யாணமும் திங்கட்கிழமை. மணவறை மேல ஒரு நிலா, வாசல்ல ஒரு ராக்கெட் இருந்தா நல்லாருக்கும்."

மாப்பிள்ளை கேட்டால் அப்பா நிஜ நிலாவுக்கே அட்வான்ஸ் கொடுப்பார். அங்கேயே விண்வெளித் துறை மந்திரியாக நான் பதவியேற்றேன். திங்களில் திங்கள், பந்தியில் தின்னுங்கள்!

அக்கா போனபின் எனக்குச் சேரும் சொத்துக்கள்: ஜன்னலோரப் படுக்கை. வெள்ளி டம்ளர். ரேடியோவின் காதைத் திருகும் உரிமை. குரங்கு என்று கூப்பிட ஆள் இல்லாத பேரின்பம். அழப்போவது அம்மா டிபார்ட்மெண்ட். நான் அன்று இரண்டு தடவை பாயசம் வாங்குவதாக இருக்கிறேன்.

19, செவ்வாய்

ஸ்கூலுக்கு மட்டம். நிலா செய்முறை: பெரிய மூங்கில் கூடை இரண்டு, வாயோடு வாய் வைத்துக் கட்டு. மைதாப் பசை, மயில்துத்தம் கொஞ்சம் (பூச்சி வராது). பழைய பேப்பர் ஒட்டு. காய்ந்ததும் சுண்ணாம்பு. இரண்டு கூடையும் அப்பாவின் பாத்திரக் கடைக்குச் சரக்கு வந்தவை. உள்ளே வைக்கோல் இன்னும் இருக்கிறது. நிலாவில் புல் உண்டு, விஞ்ஞானிகள் குறித்துக்கொள்க.

பந்தல்காரர் மொய்தீன் பாய் தூக்கிப் பார்த்தார். "கனமாத்தான் இருக்கு தம்பி. கவலைப்படாதீங்க, தொங்க விட்டுருவோம். பெருநாளைக்கு நாங்க கழுத்தை ஒடிச்சுக்கிட்டு வானத்தைத் தேடுவோம். நீங்க கூடையிலேயே வெச்சிருக்கீங்க."

ராக்கெட்: கோரைப்பாயைச் சுருட்டி, மேலே சிகரெட் வெள்ளித்தாள். வெற்றிலை பாக்குக் கடைக்காரர் நெடுநாளாகச் சேர்த்தது. வாசல் போர்டு என் கைவண்ணம்: "சந்திர மண்டலம் செல்வோர் செருப்பை பூமியில் விடவும்."

மத்தியானம் தூறல். நிலாவை இழுத்துக்கொண்டு கொல்லைக் கூரைக்கு ஓட்டம். முழங்கை சிராய்ப்பு.

20, புதன்

ஐயோ.

வரிசையாக எழுதுகிறேன்.

லால்குடி மாமா வந்தார். அத்தானின் அம்மாவுக்கு அண்ணன். அத்தானுக்கு அப்பா கிடையாது; வளர்த்ததும் படிக்கவைத்ததும் இவர்தான். நெல், வாழை, பெரிய மீசை (என்னுடையதோடு ஒப்பிட வேண்டாம்). வாழைமரம் அனுப்புவது பற்றிச் சொல்ல வந்தவர், அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தார். செருப்பு வாசலில். டயர் செருப்பு, மூன்று ஆணி, பூரான் போல வரி வரியாக அடிப்பாகம்.

கொல்லையில் என் நிலா, சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று. நிலா என்றால் காலடி வேண்டாமா? எதிர்வீட்டு மாட்டுவண்டியில் அச்சுக்குப் போடும் மை இருந்தது. செருப்பின் அடியில் தடவினேன். குத்தினேன். வலது, இடது, வலது. சந்திர மண்டலத்தில் முதல் லால்குடிக்காரர்! அப்படி ஒரு அழகு. அடியைக் கந்தலில் துடைத்து, செருப்பை வாசலில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக மோர் ஊற்றப் போனேன்.

மாமா பேசிக்கொண்டிருந்தார். "நடராசன் ஆசைப்பட்டுட்டான், நிலா இருக்கட்டுங்க. எங்க ஊரு பொம்பளைங்க கிட்டல்லாம் சொல்லிட்டேன், பாக்க வராங்க. ஆனா ஒண்ணு. சந்திரன் சாமி. அவரு மேல எவனோ செருப்புக் காலோட நின்னான்னு பேப்பர்ல படம் போட்டிருக்கான். பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. நீங்க வெக்கிறது சாமி நிலாவா இருக்கணும். செருப்பு கிருப்புன்னு அதுல ஏதாச்சும் பாத்தேன், பட்டம் கட்ட மணவறையில நான் நிக்க மாட்டேன்."

மோர் இலையைத் தாண்டி ஓடியது. அப்பா முறைத்தார்.

அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் மாப்பிள்ளை மணையில் உட்காரக் கூடாது. மாமா இல்லை என்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லை என்றால் தாலி இல்லை.

துடைத்தது போதவில்லை போலிருக்கிறது. மாமா கிளம்பினபோது வாசல் கோலத்திலிருந்து ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கறுப்பு. பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய் என் காலால் தேய்த்தேன். மாமா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்க? நரம்பு கிரம்பு..?" வழியனுப்ப வந்தேன் என்றேன். நெகிழ்ந்துபோய் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பிரிக்காமல் டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

21, வியாழன்

சுண்ணாம்பு மறுபடி. காயக் காய எண்ணெய் மை மேலே வருகிறது. வெள்ளித்தாள் ஒட்டினேன், உரிந்தது. மூன்று ஆணியும் முன்னைவிடத் தெளிவு.

அக்கா துணி உலர்த்த வந்தவள் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று முதுகைக் காட்டி நின்றேன். திட்டவில்லை. கிணற்று மேடையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"குத்தினது அதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

"முன்னால. சத்தியமா முன்னால."

ஈரப் புடவையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"போன தடவை மாதிரி ஆயிடுமாடா?"

போன தடவை என்றால் கும்பகோணத்துச் சம்பந்தம். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிய பிறகு, சபையில் பெரியவருக்கு முதலில் சந்தனம் கொடுக்கவில்லை என்று எழுந்து போனார்கள். அப்புறம் ஒரு வருஷம் அக்கா மலைக்கோட்டைப் பக்கம்கூடப் போகவில்லை. ஊர் விசாரிக்கும்.

"ஆகாது. நான் பாத்துக்கறேன்," என்றேன். மந்திரி குரலில்.

"நீ பாத்துக்கறதுதாண்டா எனக்குப் பயமே."

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு.

22, வெள்ளி

நிலாவுக்குச் சாமந்தி மாலை சுற்றிப் பார்த்தேன், சரியாகத் தடத்தின் மேல். அப்பா தூரத்திலிருந்தே பார்த்துக் கழற்றச் சொல்லிவிட்டார். "அதுக்காடா கல்யாணம்?"

23, சனி

பந்தல் ஏறுகிறது. வீதி பாதி அடைபட்டது. காற்று.

மூளை வேலை செய்தது! நிலா நமக்கு ஒரு பக்கத்தைத்தான் காட்டும், மறுபக்கத்தைக் காட்டவே காட்டாது என்று அத்தானே சொல்லியிருக்கிறார். தடம் உள்ள பக்கத்தை மணவறைத் திரைக்குத் திருப்பித் தொங்கவிட்டோம். முன்னால் வெள்ளை. சாமி நிலா. சபாஷ் சேகர்.

சாயங்காலம் ஒரு காற்று அடித்தது. நிலா மெதுவாக, ரொம்ப மெதுவாக, கோயில் தேர் திரும்புவது போலத் திரும்பிற்று. நிஜ நிலா படித்த பாடத்தை இது படிக்கவில்லை.

மொய்தீன் பாயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று பார்த்தால் தாடியைத் தடவினார். பின்பக்கம் ஒரு கயிறு கட்டித் திரைக்குள் விட்டார்.

"கம்பத்துல கட்டிருங்க பாய்."

"இழுத்துக் கட்டினா காத்துல கூடை பிஞ்சு பொண்ணு தலையில விழும். விட்டு விட்டுப் பிடிக்கணும். கையிலதான் பிடிக்கணும். யாரு பிடிப்பா?"

வேறு யார்.

24, ஞாயிறு

மாப்பிள்ளை அழைப்பு. ஆண்டார் வீதியிலிருந்து திறந்த கார்; கார் மூக்கில் என் ராக்கெட். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ராக்கெட் சாய்ந்து நாகஸ்வரக்காரர் மேல் படுத்தது. யாரும் கோபிக்கவில்லை. நல்ல சகுனமா?

லால்குடி மாமா பந்தலில் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார். வெள்ளைப் பக்கம். கைகூப்பினார். "பாருங்கடி, சாமி மாதிரி இருக்கு," என்று ஊர்ப் பெண்களிடம் காட்டினார். திரைக்குள் கயிற்றோடு நான். வியர்வை கண்ணில் இறங்குகிறது. அக்கா மட்டும் நிலாவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

25, திங்கள்

முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்து திரைக்குப் பின்னால். கையில் கயிறு; முறுக்கேறிய நிலா, விட்டால் தானே திரும்பிவிடும். காபி கூட வேண்டாம் என்றேன். திரைக் கிழிசலில் எல்லாம் தெரிந்தது. அத்தான் மணைக்கு அருகே நிற்கிறார். மாமா தட்டிலிருந்து பட்டத்தை எடுக்கிறார். அக்காவைக் கூட்டி வந்தார்கள். அரக்குப் பட்டு. தலை நிறைய பூ, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு. இத்தனை நாள் கூட இருந்தவள்தானா என்று இருந்தது.

அப்போதுதான் காற்று. பேய்க் காற்று! கயிறு கையை அறுத்துக்கொண்டு போயிற்று. நிலா திரும்பிற்று. நான் என்ன செய்ய முடியும்? என் இடத்தில் ஒரு பயில்வான் இருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

மாமா அண்ணாந்தார். பட்டம் கையிலேயே நின்றது.

"என்னங்க அது நிலாவுல?"

பந்தல் முழுக்க அண்ணாந்தது. மேளம் தானாகத் தணிந்தது. அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. மாலையில் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"செருப்புத் தடம்," என்றது ஒரு குரல்.

மாமா பட்டத்தைத் தட்டில் வைத்துவிட்டார். வைத்தே விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

லால்குடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மாமா பக்கம் திரும்பினாள். "டயர் செருப்புல்ல? மூணு ஆணி. ஏ தம்பி, இது உன் செருப்பு மாதிரியில்ல இருக்கு? உன் வீட்டு வாசல்ல தெனம் இந்தத் தடத்தைத்தானே நான் கூட்டுறேன்!"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்தினாள்.

மாமா மறுபடி பார்த்தார். வெகு நேரம். பிறகு குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தார். மீசை ஆடிற்று. கோபத்தில் ஆடுகிறதா வேறு எதிலாவதா, கிழிசல் வழியாகத் தெரியவில்லை.

"மிதிச்சது நானுன்னா," என்றார், "நான் யாருகிட்டப் போய்க் கோவிச்சுக்கிறது?"

நிலாவைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தெரியாம நடந்துபோச்சு சாமி." பட்டத்தை எடுத்தார். கட்டினார். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கொட்டுங்க!"

கெட்டி மேளம். தாலி ஏறிற்று. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி நுனியால் முகம் துடைத்தார்.

பந்தியில் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் தோளைப் பிடித்த பிடியில் எல்லாம் தெரிந்துபோயிற்று என்று தெரிந்தது. "தம்பி, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காலை இழுத்துக்கிட்டு வந்தது நரம்பு இல்லியே?" இல்லை மாமா என்றேன். என் இலையில் இருந்த ஜாங்கிரியை எடுத்துத் தின்றுவிட்டார். தண்டனை அவ்வளவுதான்.

எல்லாரும் காற்றைத்தான் திட்டினார்கள். மொய்தீன் பாய் மட்டும் தோரண மாவிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

26, செவ்வாய்

பந்தல் பிரிக்கிறார்கள். மேகம். அக்கா காலை பஸ்ஸில் லால்குடி போயாயிற்று. ஜன்னலோரப் படுக்கை என்னுடையது. இன்னும் படுக்கவில்லை.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பேய்க் காற்று என்று எழுதியிருக்கிறேன். காற்று இல்லை. ஒரு மாவிலை அசையவில்லை. மணவறை ஏறுகிறபோது அக்கா திரைப்பக்கம் திரும்பி, சத்தமே வராமல், "குரங்கு, காபி குடிச்சியா?" என்று கேட்டாள். கயிற்றை நான்தான் விட்டேன். மூஞ்சியைப் பொத்திக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது.