சிரிங்க ஆன்ட்டி

ஜனவரி 8, வியாழன்

விடாத மழை. கல்லூரி மாடிப்படி முழுக்கச் சேறு. கீழே டயர் கடை, பக்கத்தில் மாமாக் சாப்பாட்டுக் கடை, அவற்றுக்கு மேல் மூன்று மாடி நாங்கள். இதற்குப் பெயர் கேம்பஸ். பாலர் கல்விக் கட்டுரை பாதியில் நிற்கிறது. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

மதியம் அம்மா போனில். எங்கள் ஊர் கோத்தா திங்கியில் ஆறு ஏறிவிட்டது.

“தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சு. போம்பா தீயணைப்பு ஆளுங்க வந்து படகுல ஏத்திக்கிட்டாங்க. இப்ப ஸ்கூல் தேவான்ல, பெரிய ஹால்ல இருக்கேன். மேலு காலு நல்லாத்தான் இருக்கு. நீ வராத.”

“நான் வரேன்மா.”

“எப்படி வருவ? சடக்குல தண்ணி. பஸ்ஸே ஓடல. படிப்பப் பாரு.”

அப்பா சிங்கப்பூரில். காவலாளி வேலை, தினம் போய் வருவார். வீட்டுக்கு வழி இல்லாததால் கூட்டாளி அறையில் தங்கிவிட்டார். அவரிடம் அம்மா பாதிதான் சொல்லியிருப்பார்.

அறைத்தோழி ஷாமினியிடம் மட்டும் சொன்னேன். மற்றவர்களிடம் இல்லை. சொன்னால் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார்கள். அது வேண்டாம்.

ஜனவரி 9, வெள்ளி

தூறல். காலையில் பசியாறவில்லை. மதியம் இந்திய மாணவர் கழகக் கூட்டம்.

தலைவர் தினேஷ், கடைசி ஆண்டு. நன்றாகப் பேசுவான், அதுதான் சிக்கல். வெள்ள நிவாரணப் பயணமாம், நாளைக்கே. இந்த ஆண்டின் சிறந்த கழகம் விருதுக்கு ஒரு ‘சமூகச் சேவை’ தேவைப்படுகிறது. போன முறை பூப்பந்துக் கழகம் தட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பொட்டலத்தில் போடுவது: அரிசி, சார்டின், மைலோ, பிஸ்கட், பற்பசை.

நான் கேட்டேன், “தேவான்ல தங்கியிருக்கவங்க அரிசிய எங்க ஆக்குவாங்க? அடுப்பு இருக்கா?”

தினேஷ் சிரித்தான். “அரிசிதான் படத்துல எடுப்பாத் தெரியும் லா.”

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளாடை, நாப்கின், கொசுவத்தி என்று நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. துணிப் பதாகையில் கழகத்தின் பெயர் மேலேயா கல்லூரியின் பெயர் மேலேயா என்பதற்கு மட்டும் அரைமணி நேரச் சண்டை.

முதலில் லாபிஸ் ஊருக்கு என்றுதான் பேச்சு. கூட்டம் முடிகிற நேரத்தில் தினேஷ் மாற்றினான். கோத்தா திங்கி. காஹாங் வழியாக வேன் போகும், பாதை திறந்துவிட்டதாம். ஷாமினி மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினாள்.

பதாகையோ அரிசியோ, என்ன வேண்டுமானாலும் தூக்குவேன். அம்மாவிடம் போக எனக்கு வேறு வண்டி இல்லை.

ஜனவரி 10, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

வேனில் எட்டுப் பேர், எல்லோருக்கும் மஞ்சள் டி-சட்டை. கோமதி மிஸ், கழக ஆலோசகர், முன் இருக்கையில். வழி நெடுகச் செம்பனைத் தோட்டம், பள்ளங்களில் எல்லாம் மைலோ நிறத்தில் தண்ணீர். பின்னால் பாட்டுச் சத்தம். பிக்னிக் போகிறவர்கள் மாதிரி.

பள்ளி மண்டபம். குடும்பத்துக்கு ஒன்றாக நீலத் துணிக் கூடாரம். ஈரப் பாய், டெட்டால், நாசி கோரெங் சோறு எல்லாம் கலந்த வாடை. மலாய்க்காரப் பாட்டி ஒருவர் சுவரோரமாய்க் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், கண்ணை எங்கேயோ வைத்து.

அம்மாவைத் தேடினேன். அதற்குள் தினேஷ் என் கையில் பதாகையின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டான். “மாலினி, ஆடாமப் புடி.”

வரிசை வந்தது. ஐந்தாவதாக அம்மா. யாரோ கொடுத்த கட்சி டி-சட்டை, தொளதொளவென்று. கீழே தன் பழைய கைலி. தலை சீவி, ஈரத்தோடு கொண்டை.

என்னைப் பார்த்தார். என் மஞ்சள் சட்டையைப் பார்த்தார். என்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். தலையை லேசாக, இல்லை என்பதுபோல் அசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரியாதவர் மாதிரி.

தினேஷ் பொட்டலத்தை நீட்டினான், மறு கையில் போன். “ஆன்ட்டி, இங்க பாருங்க. சிரிங்க ஆன்ட்டி.”

அம்மா வாங்கினார். “நன்றி தம்பி.”

“அலமாக், கண்ண மூடிட்டீங்க. இன்னொரு வாட்டி. பொட்டலத்தத் திருப்பிக் குடுங்க.”

திருப்பிக் கொடுத்தார். மறுபடி வாங்கினார். மறுபடி, “நன்றி தம்பி.”

“சிரிப்பு வரல ஆன்ட்டி. லாஸ்ட், லாஸ்ட்.”

மூன்றாவது முறை அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியபோது நான் பதாகையை விட்டுவிட்டேன். பாதிக் கல்லூரி தரையில் விழுந்தது. போய் அம்மாவின் கையைப் பிடித்து “அம்மா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அம்மா முதலில் பயந்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். முழுச் சிரிப்பு.

“ஐயோ, உங்கம்மாவா?” என்றான் தினேஷ். அந்த நேரத்தில்தான் அவனுடைய போன் கிளிக் என்றது.

கூடாரத்துக்குள் அம்மா திட்டினார். “ஏன்டி கூப்ட்ட? நான்தான் பேசாம இருந்தேன்ல?”

“ஏன்மா பேசாம இருந்தீங்க?”

“உன் கூட்டாளிங்க என்ன நெனப்பாங்க?”

பொட்டலத்தைத் திறந்தார். அரிசியை எடுத்து ஓரமாக வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு அரிசிக் குன்று. எங்களுக்கு முன்னால் வேறு கழகங்கள் வந்து போயிருக்கின்றன.

அங்கேயே தங்கிவிடுகிறேன் என்றேன். “கூட்டி வந்தது நான், கூட்டிப் போறதும் என் பொறுப்பு” என்றார் கோமதி மிஸ். அம்மாவும் போ போ என்றார். வந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். இவ்வளவு நாள் கழித்து, இன்றைக்குப் பார்த்து.

கழகத்தின் இணையப் பக்கத்தில் படம் ஏறிவிட்டது. நானும் அம்மாவும். தலைப்பு: ‘வெள்ளத்தில் வீட்டை இழந்த எங்கள் உறுப்பினர், தாயைக் கண்டு கண்ணீர் விட்ட நெகிழ்ச்சித் தருணம்.’

வீட்டை இழக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கண்ணீர் விடவில்லை. வேனிலிருந்து இறங்கியபோது மழையில் நனைந்தேன்.

கீழே நூற்றுக்கணக்கான கூப்பிய கைகள், உடைந்த இதயங்கள். ‘பாவம் இந்தப் பொண்ணு.’ ‘அம்மா முகத்த பாத்தா அழுகையா வருது.’ ‘இந்த மாதிரி கழகம்தான் வேணும்.’

மதியம் அப்பா போனில். கூட வேலை செய்கிறவர் போனில் காட்டியிருக்கிறார்.

“வீடு போயிருச்சாமா? ஏம்மா ரெண்டு பேரும் என்கிட்ட மறைச்சீங்க?”

“போகலப்பா. சும்மா எழுதியிருக்காங்க.”

“சும்மா எழுதுவாங்களா?”

நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போனை வைக்கும் முன் மூக்கை உறிஞ்சினார். அப்பா அழுது நான் கேட்டதில்லை.

ஜனவரி 12, திங்கள்

கட்டுரை கொடுத்தாகிவிட்டது. மட்டமான கட்டுரை.

தினேஷை மாமாக் கடையில் பிடித்தேன். தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“படத்த எடுத்துரு.”

“ஏன்? எத்தன பேரு உதவி செய்றேன்னு கேக்குறாங்க தெரியுமா?”

“எங்கம்மாகிட்ட கேட்டியா?”

“கேட்டா யாருமே சரின்னு சொல்ல மாட்டாங்க லா.” அதை ஒரு நியாயம் மாதிரியே சொன்னான். பிறகு, சமாதானம் செய்கிறானாம்: “நீ உங்கம்மாவப் பாக்கணும்னுதானே லாபிஸ விட்டுட்டு அங்க வண்டிய விட்டேன்? ஷாமினி வந்து கெஞ்சினா. நான் சரின்னேன். நன்றி கூடச் சொல்லல நீ.”

கடையை விட்டு வெளியே வந்தேன்.

அப்படியென்றால் தெரியும். அங்கே என் அம்மா இருக்கிறார் என்று போகும்போதே அவனுக்குத் தெரியும். வரிசையில் யார் என் அம்மா என்றும் தெரிந்திருக்கும், என் போனின் முகப்பிலேயே அவர் படம்தானே. தெரிந்துதான் மூன்று முறை வாங்க வைத்தான். நான் எப்போது பதாகையை விடுவேன் என்று காத்திருந்தான். ‘ஐயோ, உங்கம்மாவா?’ என்ன நடிப்பு.

அறைக்கு வந்து ஷாமினியிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

“உனக்காகத்தான் சொன்னேன். நீ ராத்திரி தூங்காம கெடந்த. வேற வண்டி ஏது?”

உண்மைதான். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அம்மாவைப் பார்த்திருக்க முடியாது. அதுதான் இன்னும் கசக்கிறது. யாரைத் திட்டுவது?

“விட்டுரு லா. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க,” என்றாள்.

மறக்க விட மாட்டார்கள். புதிய மாணவர் சேர்க்கைக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் தொங்கவிடப் போகிறார்களாம். கோமதி மிஸ் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். “பெருமையா நெனச்சுக்கோ மாலினி.”

ஜனவரி 14, புதன்

அம்மா வீடு திரும்பிவிட்டார். தண்ணீர் வடிந்தது, சேறு வடியவில்லை. மெத்தை, சோபா, அரிசிப் பானை எல்லாம் சாலையோரத்தில். “பொங்கல் எல்லாம் பெறகு பாத்துக்கலாம்” என்றார். வெள்ளிவரை எனக்கு வகுப்பு, வராவிட்டால் வருகைப் பதிவில் கை வைப்பார்கள்.

ஜனவரி 16, வெள்ளி

கல்லூரிப் பொங்கல். கார் நிறுத்துமிடத்தில் பந்தல். மூன்று பானை, பிளாஸ்டிக் கரும்பு ஒரு கட்டு, நிஜக் கரும்பு இரண்டு. மலாய், சீன மாணவர்களுக்கு ஜிப்பாவும் சேலையும் வாடகைக்கு. கோலத்தை டயர் கடை லோரி ஏற்கெனவே ஒருமுறை மிதித்துவிட்டது.

பானை சூடாகும்வரை திரையில் கழகத்தின் ஆண்டுப் பணிகள். கடைசியில் அந்தப் படம், சுவர் அளவுக்கு. பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

கோமதி மிஸ் மைக்கில் கூப்பிட்டார். “நம்ம மாலினி ரெண்டு வார்த்த சொல்லுவாங்க.”

போனேன். குரல் நடுங்கவில்லை, ஆச்சரியம்.

“இது எங்கம்மா. பேரு சரோஜா. வீடு போகல. இப்ப அங்க சேறு அள்ளிக்கிட்டு இருக்காங்க. பொட்டலத்த மூணு வாட்டி வாங்க வச்சாங்க, படத்துக்காக. எடுக்கலாமான்னு யாரும் கேக்கல, போடலாமான்னும் கேக்கல. இதப் பாத்துட்டு எங்கப்பா சிங்கப்பூர்ல அழுதாரு. எடுத்துருங்க.”

எங்கோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தினேஷ் தரையைப் பார்த்தான். முதல்வர் கோமதி மிஸ்ஸைப் பார்த்தார்.

அப்போது பார்த்துப் பால் பொங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே நிம்மதி. “பொங்கலோ பொங்கல்!” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலைக்குள் படம் நீக்கப்பட்டது. வாசல் பதாகையும் இல்லை என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து செய்தி. கூடவே, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நானும் நீக்கப்பட்டேன். ஷாமினி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஜெயித்தேன் போலிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்றிலிருந்து வீட்டில். அப்பாவும் வந்துவிட்டார். மூவரும் சேறு தள்ளினோம். சுவரில் இடுப்பளவுக்குப் பழுப்புக் கோடு.

அலமாரியின் அடித்தட்டில் படத்தொகுப்புகள் இருந்திருக்கின்றன. என் குழந்தைப் படங்கள், அவர்கள் கல்யாணப் படம், பள்ளியில் நான் பரிசு வாங்கியது. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. அம்மா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். வர்ணம் கரைந்து, முகம் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டு. மூடிக் குப்பைப் பையில் போட்டார்.

சாப்பிடும்போது கேட்டார். “அந்தப் படம் உன்கிட்ட இருக்கா?”

“எந்தப் படம்?”

“தேவான்ல அந்தத் தம்பி எடுத்தானே. நீயும் நானும். நான் நல்லா சிரிச்சிருக்கேன்னு லாபிஸ் சித்தி சொன்னா. என் போன்ல அதெல்லாம் வராது. ஒன்னு கழுவிக் குடேன், மாட்டி வைப்போம். வீட்ல ஒரு படமும் இல்லயே.”

அப்பா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

கல்லூரியில் நடந்த எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சரிம்மா என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மேகமூட்டம். நேற்று முழுக்கத் தள்ளிப்போட்டேன். இன்று காலை தினேஷுக்கு எழுதினேன்: ‘அந்தப் படம் வேண்டும். அம்மா கேட்கிறார்.’ உடனே அனுப்பிவிட்டான். ஒரு வார்த்தை இல்லை. கேலி செய்திருந்தால்கூடத் திட்டியிருக்கலாம்.

வகுப்பு முடிந்து படக்கடைக்கு. கடைக்காரர் திரையில் பெரிதாக்கினார். இத்தனை நாளில் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். அம்மா அழகாகத்தான் சிரிக்கிறார்.

வலது மூலையில் கல்லூரி முத்திரை, கழகத்தின் பெயரோடு.

“இந்த முத்திரைய வெட்டிரட்டாமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

பார்த்தேன். அது இருக்கும் இடத்தில்தான் அம்மாவின் கை என் கையைப் பிடித்திருக்கிறது. வெட்டினால் கையும் போகும்.

வெட்ட வேண்டாம், அப்படியே கழுவுங்கள் என்றேன்.