மீசைக்காரர் உடைத்த ஃபேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்கே எல்லாரும் உயிரோட இருக்கோம், அதை முதல்ல தெரிஞ்சுக்கோ. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கணும்னுதான் என் ஆசை, ஆனா சித்தப்பா போன் பண்ணினதிலேருந்து ரெண்டும் பண்ணியிருக்க மாட்டே. டிக்கெட் போட்டுட்டேன், வந்து அந்தப் பக்கத்துத் தோட்டத்து மீசைக்காரன் கையை எடுத்துடறேன்னு அப்பாகிட்ட கத்தினியாமே. கொஞ்சம் உட்காருப்பா, சித்தப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கார்.

மழை பொய்ச்சுப் போச்சு, ரெண்டு தோட்டத்துக்கும் அந்த ஒரே கிணறுதான். வெயில்ல குடைமிளகாய்ப் பூ உதிருதுன்னு சித்தப்பா நம்ம பசுமைக்குடிலோட கூரை ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடிட்டு, சுவத்துல இருக்கிற பெரிய ஃபேன்ல ஒண்ணை மட்டும் ஓடவிட்டு, உள்ளே வர்ற காத்து குளிரட்டும்னு வச்ச ஈர அட்டைச் சுவத்துல ராப்பகலா தண்ணியை ஊத்தினார். நனைச்சா குளிரும்னு நினைப்பு, அந்த ஈரம் வெளியே போக வழி வேண்டாமா? உள்ளே போனா கொதிக்கிற பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி மூச்சு முட்டும், இலையெல்லாம் சாம்பல் பூசணம். வழிஞ்ச தண்ணி வாய்க்கால்ல வீணாப் போக, அந்தப் பக்கம் மீசைக்காரரோட கத்தரிச்செடி நின்ன நிலையில கருகுது. அவர் வந்து நயமாத்தான் கேட்டார். தண்ணி இல்லேன்னா உன் கண்ணீரை ஊத்திக்கோன்னு சொல்லி அனுப்பினார் உன் சித்தப்பா.

மறுபடி வந்தப்ப மீசைக்காரர் கையில கடப்பாரை. அட்டைச் சுவரைக் குத்திக் குத்திக் கிழிச்சார், சதை பிஞ்சு தொங்கற மாதிரி தொங்குச்சு. அப்பா இரும்புக் குழாயால அவர் முதுகுல போட்டார், சித்தப்பா செடி நறுக்கற கவாத்துக் கத்தியோட பாய்ஞ்சு அவர் தோளைக் கிழிச்சுட்டார். செடியெல்லாம் ரத்தம். நான் கத்தினது யார் காதுலயும் விழலை. மூணு பேரும் கட்டிப் புரண்டு ஃபேன் பக்கம் போயிட்டாங்க. தூசி அடைக்குதுன்னு அதோட கம்பி வலையைக் கழட்டி வச்சிருந்தோம், சித்தப்பா கழுத்துத் துண்டை ஃபேனைச் சுத்தற பெல்ட் கவ்விடுச்சு. ஒரே இழுப்பு, முகம் கருநீலமாகி நாக்கு வெளியே வந்துடுச்சு. அப்பா இழுக்க இழுக்க துண்டு இறுகுது, நான் சுவிட்சுக்கு ஓடறேன், சேத்துல கால் வழுக்கி விழறேன். அப்பத்தான் மீசைக்காரர், தோள்ல ரத்தம் கொட்டக் கொட்ட, கடப்பாரையை ஃபேனுக்குள்ள சொருகினார். அது அலறிக்கிட்டே உடைஞ்சது, தெறிச்ச தகடு அவர் விரல் ரெண்டைக் கொண்டுபோச்சு.

ஃபேனை உடைச்சான்னு சித்தப்பா சொன்னது பொய்யில்லை. எதுக்கு உடைச்சார்னு சொல்லத்தான் வாய் வரலை. போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டப்பவும் மீசைக்காரர், அடிதடி ரெண்டு பக்கமும்தான் சார், எழுதறதுன்னா எல்லாரையும் எழுதுங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

இப்போ மோட்டார் ரூம் சாவி என் இடுப்புல. கூரை ஜன்னலைத் திறந்தாச்சு, மேலே நிழல்வலை கட்டியாச்சு. அட்டையை உச்சி வெயில்ல மட்டும் நனைக்கிறேன், வழியற தண்ணி தொட்டிக்கே திரும்புது, செடிக்குச் சொட்டுநீர் விடியற்காலையில மட்டும். மிச்சம் மீசைக்காரர் தோட்டத்துக்குப் போகுது. அவர் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்கறதில்லை. பார்க்க வேண்டாம், தண்ணி போனா போதும். சித்தப்பாதான் இன்னும் அந்த வீட்டு வாசல் மிதிக்கலை.

டிக்கெட்டை ரத்து பண்ணாதே. வந்ததும் சித்தப்பாவைக் கையைப் பிடிச்சு அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, நீ கூப்பிட்டா வருவார். நீ நூறு வயசு நல்லா இருக்கணும், உன் கை யார் மேலயும் ஓங்காம இருக்கணும். ஊருக்கு வரும்போது வெறுங்கையோட வராதேன்னு எப்பவும் சொல்ற நான்தான் சொல்றேன், இந்தத் தடவை வெறுங்கையோட வா.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா