பாத்திரக்கடையில் ஒரு பேஸ் ஆம்ப்

லே காஜா, என் உசிரு மாப்ளே,

அங்கன எப்படி இருக்கே? மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டுபோன பொறவு இங்கன நடந்ததை எல்லாம் சொல்ல எனக்கு வேற யாரு இருக்கா? கேளு. கேக்காட்டியும் சொல்லத்தான் செய்வேன்.

நம்ம மெல்லிசைக் குழுவுல உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு. ஆள் இல்லலே, பொத்தான். குழு நடத்துற நம்ம செல்வம் அண்ணாச்சி புதுசா கீபோர்டு வாங்கியிருக்காரு. ஒரு பொத்தானை அமுக்கினா டிரம்ஸ் தானா அடிக்குது. அதோட விட்டாரா? "பேஸையும் இடது கையாலேயே வாசிச்சிரலாம்டே"ன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லுதாரு. மைக்செட்காரன் வேற, என் பேஸ் கிட்டார் அவன் ஸ்பீக்கரைக் கிழிக்குதுன்னு எப்பவும் புலம்புவான்லா. "சொந்தமா ஸ்பீக்கரோட ஒரு ஆம்ப் பெட்டி கொண்டாந்தேன்னா அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு வா. இல்லன்னா வீட்ல இரு"ன்னுட்டாரு அண்ணாச்சி.

வீட்ல இருன்னா எங்க இருக்க? அக்கா வீடுதான் என் வீடு, ரதவீதியில அத்தானோட பாத்திரக்கடைக் கல்லாதான் என் உலகம். அத்தான் திட்டினாலாவது சண்டை போட்டுட்டு வெளிய போயிரலாம். அந்த மனுசன் "சாப்பிட்டியாடே"ன்னுதான் கேக்காரு. சோறு போட்ட கையை எப்படி மாப்ளே உதறுறது? மேடையில நிக்கிற கொஞ்ச நேரந்தான் எனக்கு மூச்சு விடுத நேரம். அதுவும் போச்சுன்னா செத்துருவேன். உன்கிட்டப் போயி இதைச் சொல்லுதேன் பாரு.

புதுசு வாங்க நமக்கு வக்கு ஏது? பேட்டையில ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஒருத்தர்ட்ட பழைய பேஸ் ஆம்ப் ஒண்ணு வந்திருந்துச்சு. கைக்கு எட்டுற விலை. அன்னைக்குன்னு பார்த்து அங்கன கரண்டு இல்ல. "கொண்டுபோயி வாசிச்சுப் பாரும். காயல்பட்டினத்துப் பார்ட்டி ஒண்ணும் கேட்டிருக்கு, சாயங்காலத்துக்குள்ள சொல்லிரும் வே"ன்னாரு. ஆட்டோவுல ஏத்தி, அத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, கடைக்குள்ளேயே இறக்கிட்டேன்.

தடிச்ச நாலாவது கம்பியை ஒரு தட்டு தட்டினேன். கிர்ர்ர்னு ஒரு அதிர்வு. சத்தத்தைக் குறைச்சாலும் கிர்ர்ர். ஸ்பீக்கரோட காகிதக் கோன் கிழிஞ்சிருக்கு, நம்மளை ஏமாத்தப் பார்க்கான்னு கோவம் தலைக்கேறிட்டு. அதே ஆட்டோவுல திருப்பிக் கொண்டுபோயி, நாலு பேரு பார்க்க ஏசிட்டு வந்தேன். அவரு பாவம், "காது இருக்கா வே உமக்கு?"ன்னு மட்டும் கேட்டாரு.

சாயங்காலம் கடை வாசல்ல ஒரு மணல் லாரி போச்சு. கடைக்குள்ள அதே கிர்ர்ர். நிமிர்ந்து பார்க்கேன், அடுக்கி வச்ச எவர்சில்வர் தட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு அதிருது. அடப்பாவி! பெட்டியில ஒரு குறையும் இல்லலே. நீ பக்கத்துல இருந்திருந்தா தட்டுகளை அமுக்கிப் பிடிச்சிட்டு, "இப்ப வாசிலே கூமுட்டை"ன்னு சொல்லியிருப்பே. சொல்லியிருப்பேல்லா? பேட்டைக்கு ஓடினேன். பெட்டி காயல்பட்டினத்துக்கு வண்டி ஏறிட்டு.

கல்லாவுல உக்காந்துக்கிட்டே அழுதேன். குடம் வாங்க வந்த அம்மா, "என்னய்யா, கண்ணுல தூசியா?"ன்னு கேட்டுட்டு, ஓட்டை இருக்கான்னு குடத்தைத் தட்டிப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க.

பொறவு பாளையங்கோட்டையில ஒரு சர்ச் பாட்டுக்குழுவுல பழைய பெட்டியை விலைக்குக் கொடுக்காங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். இந்தத் தடவை வெட்டவெளியில, வேப்பமரத்தடியில வச்சுத்தான் வாசிச்சேன். பின்பலகையைக் கழத்தி, கோனை விரலால பைய தடவிப் பார்த்தேன். கிழிசல் இல்ல. ஆனா சும்மா இருக்கையில ஈ மொய்க்கிற மாதிரி ஒரு இரைச்சல். ஒரு பக்கம் கைப்பிடியும் இல்ல. பேட்டைப் பெட்டியோட கால் தூசிக்குப் பெறாது. என்ன செய்ய? கொடை நெருங்கிட்டு. வாசிக்கும்போது இரைச்சல் அமுங்கிருது, அது போதும்னு வாங்கிட்டேன்.

வாங்கியாச்சு, வைக்க இடம்? வீட்டு வாசல்லேயே அத்தான் முதல் தடவையா குரலை உசத்தினாரு. "இது கடைக்குள்ள வந்தா யாவாரம் வெளிய போயிரும்டே. வீட்டுக்கும் வேண்டாம்." அக்கா அடுப்பங்கரைக்குப் போயிட்டா. நானும் பெட்டியும் தெருவுல நிக்கோம். ஆட்டோக்காரரு, "எங்கன போகணும்?"னு கேக்காரு. என் வாய் தானா மேலப்பாளையம்னு சொல்லிட்டு.

உன் உம்மாதான் கதவைத் திறந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. பெட்டியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "உள்ள கொண்டா வாப்பா. டிரம்ஸை எடுத்துட்டுப் போனதுலேர்ந்து அவன் மூலையை என்னால பார்க்க முடியல"ன்னாங்க. டிரம்ஸ் குழுவோடதுதானே, அண்ணாச்சி ஆள் விட்டு எடுத்துக்கிட்டாரு. பெட்டியை அங்கன வச்சதும் ரெண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம். பொறவு கண்ணைத் துடைச்சிட்டு, "வாசி, எப்படி இருக்குன்னு பார்ப்போம்"னு உம்மாவே சொன்னாங்க.

ஆடிக் கொடைக்கு மேடை ஏறுதேன் மாப்ளே. மறுநாள் காலையில அதே கல்லாதான், அத்தானோட அதே "சாப்பிட்டியாடே"தான். அதுலேர்ந்து எனக்கு விடிவு இருக்கான்னு தெரியல. மேடையிலயும் பக்கத்துல நீ இல்ல. அந்தப் பொத்தான் தாளம் தப்பவே தப்பாது, அதான் எரிச்சலே. பல்லவி திரும்பி வரும்போது நீ தாளத்தை லேசா இழுப்பே. நான் உன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே உனக்காகக் காத்து நிப்பேன். இனியும் அந்த இடத்துல காத்துதான் நிப்பேன். பொத்தான் முந்திப் போனா போகட்டும், அண்ணாச்சி முறைச்சா முறைக்கட்டும். நீ வந்து சேராம அடுத்த அடியை நான் வாசிக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் உம்மாவை உம்மான்னு கூப்பிடப் பழகிக்கிட்டிருக்கிற
உன் மாப்ள,
சம்முவம்