ஜோடியில் ஒன்று

அன்புள்ள உங்களுக்கு,

யூபாரியில் பனி உருகிவிட்டது. நான் நலம்.

உறையில் ஒட்டியிருக்கும் நீராவி இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தபால்தலை வரிசையில் இது ஐந்தாவது வெளியீடு. வழக்கம்போல இரண்டு இன்ஜின் தலைகளை ஜோடியாக, ஒட்டினாற்போல அச்சடித்திருக்கிறார்கள். ஒன்றைக் கிழித்து உங்களுக்கு ஒட்டினேன். மற்றது உங்கள் ஆல்பத்தில் இருக்கிறது.

தபால் நிலையத்து தோமிகோ பதறிவிட்டாள். "என்னக்கா, ஜோடியைப் போய்க் கிழிக்கிறீங்க! அண்ணன் பார்த்தா கொன்னே போட்டுடுவாரு."

"வந்து கொல்லட்டும்டி," என்றேன்.

முன்பு ஒரு தபால்தலையின் ஓரம் மடங்கியதற்கே வீடு அதிரக் கத்தினீர்கள். நீங்கள் ஓட்டிய நீராவி இன்ஜினை ரயில்வே ஓரங்கட்டியதும், மின்சார ரயில் ஓட்டப் பழகிக்கொண்டு மூன்றே மாதத்தில் வருவதாகச் சொல்லி ஒசாகா போனீர்கள். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ஐந்து ஜோடிகளைக் கிழித்துவிட்டேன். திட்டிக்கூட ஒரு வரி வரவில்லை.

அங்கே உங்களுக்கு யார் சமைக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கடிதங்களைப் படிக்காமல் தூக்கிப் போட்டாலும் சரி. தபால்தலைகளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து வையுங்கள். கத்தரிக்கோல் வைத்துவிடாதீர்கள். ஓரத்துப் பற்கள் போய்விட்டால், என்னிடம் இருப்பதோடு பொருந்தாது.

இப்படிக்கு,
மற்றதை வைத்திருப்பவள்