பாசிக்குப் போன வாட்ச்

ஏங்க,

சோறு பானையில் இருக்கிறது. குழம்பைப் பூனை தொடாதபடி உங்கள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், கழுவிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

சைக்கிள் கிளப் சார் போன் செய்தார். நீங்கள் கட்டிலில் கிடந்துகொண்டு, பயிற்சியை அளக்க கிளப் கொடுத்த வாட்ச்சை என் கையில் கட்டிப் பாசி எடுக்கக் கடலுக்கு அனுப்பினீர்களே, அதில் ஏறிய நெஞ்சுத்துடிப்பைத் தன் போனில் பார்த்துவிட்டு, "நம்புராஜன் என்னா உழைப்பும்மா!" என்றார். கொடைக்கானல் சைக்கிள் மலையேற்றத்தில் உங்களை முன்வரிசையில் போட்டுவிட்டாராம். மதியம் வேன் வரும். நானும் "சரிங்க சார்" என்றுவிட்டேன். "ஓம் மூச்சும் எனக்குத்தானடி" என்று இளித்தீர்களே, இப்போது ஏறுங்கள். எத்தனை கியர் மாற்றினாலும் மிதிக்கப்போவது உங்கள் கால்தான்.

காளீஸ்வரி

மறந்துவிட்டேன்: வாட்ச் இன்றைக்கும் என் கையில்தான், பாசிக்குப் போகிறேன். பாதி மேட்டில் நீங்கள் நாக்குத் தள்ளிக் கிடந்தாலும், நன்றாக மிதிப்பதாகத்தான் அது சொல்லும்.